பக்கவாட்டில் போன தண்ணீர்

என் அண்ணி புருலாய் உட்கார்ந்து தேநீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பாள். தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். பிறகு முற்றம், பிறகு வேலி. கடைசியில் கிண்ணம் ஏதாவதொரு கல்லின் மேல் ஆறிக் கிடக்கும், அவள் மலைமேல் ஏறிக்கொண்டிருப்பாள்.

"மருமக கொண்டு வரச் சொன்னா கால்ல சக்கரம் கட்டின ஒண்ணக் கொண்டாந்திருக்கான்" என்று அண்ணனுக்குக் கல்யாணமான முதல் வாரத்திலேயே என் அம்மா தூர்சுனாய் சொல்லிவிட்டாள்.

புருலாய் வடக்கே சூய் சமவெளியில், பீட்ரூட் வயல்களுக்கு நடுவே பிறந்தவள். தலைநகர் பிஷ்கெக்கில் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை. ஓஷ் சாலையில் லாரி ஓட்டும் என் அண்ணன் மார்லெனைக் கட்டிக்கொண்டு உஸ்கெனுக்கு மேலே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோதுதான், ஒரு மலைச்சரிவில் வீடு கட்டி மனிதர்கள் குடியிருப்பதை முதல்முறை பார்த்தாளாம். எங்கள் மண் மஞ்சள் மண், மாவு போல. காய்ந்தால் கல், நனைந்தால் கஞ்சி. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு மலை இறங்கி வந்து ஒரு தெருவையே மூடிவிட்டது. அதற்குப் பிறகு எங்களூரில் வசந்த மழையை யாரும் ரசித்ததில்லை.

அவள் வேலை என்ன என்று அம்மா ஒருநாள் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"உலகம் முழுசையும் கட்டம் கட்டமாப் பிரிச்சுக் கம்ப்யூட்டருக்குள்ள வச்சிருக்காங்க அத்தே. இன்னும் அம்பது வருசத்துல எங்க மழை பெய்யும், எங்க காயும்னு அதுல கணக்குப் போடுவாங்க. நிறைய நாட்டுக்காரங்க சேந்து செய்யறது. அதுல மண்ணுக்குள்ள தண்ணி போறத நான் பாக்குறேன்."

"எங்க ஊரு இருக்கா அதுல?"

"இருக்கு. நம்ம ஊரு, உஸ்கென், அந்தப் பக்கத்து மலை எல்லாமே ஒரே கட்டம். தட்டையா, இந்த ரொட்டி மாதிரி."

"அப்ப மலை?"

"உயரம்னு ஒரே ஒரு எண் இருக்கும். சரிவு கிடையாது. மேல பெஞ்ச மழை கீழ வராது. விழுந்த எடத்துலயே நேரா மண்ணுக்குள்ள இறங்கிடும்."

அம்மா மாவிலிருந்து கையை எடுத்தாள். "எந்த முட்டாப்பய செஞ்சது?"

"முட்டாள் இல்ல அத்தே. உலகம் பெருசு, கம்ப்யூட்டர் சின்னது. முகட்டுல பெய்யறது பக்கவாட்டுல நகந்து அடிவாரத்துக்கு வருதுன்னு அதுக்குள்ள சொல்லிக் குடுக்கணும். வெயில் படற சரிவு வேற, நிழல் சரிவு வேறன்னு சொல்லணும். அதுக்குத்தான் மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

அதற்காகவே எங்கள் வீட்டுக்குப் பின்னால், இரண்டு சரிவுகள் சேரும் மலை மடிப்பில் முகட்டிலிருந்து அடிவாரம் வரை குழாய்களை இறக்கியிருந்தாள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதென்று காட்டும் கருவி. பிஷ்கெக்கிலிருந்து வரும்போதெல்லாம் பையைக்கூட இறக்காமல் நேரே அங்கே ஓடுவாள். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பாதி நாள் வகுப்பு முடிந்து அவளோடு மண்வெட்டி தூக்கிக்கொண்டு நானும் ஏறுவேன்.

அந்த வருஷம் பனி ஏராளம். ஏப்ரலில் அது உருகும்போதே மழையும் பிடித்துக்கொண்டது. மழை விட்டது. வானம் வெளுத்தது. ஆனால் மடிப்பின் அடிக்குழாயில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்ததைவிட மதியம் உயரம். மறுநாள் அதைவிட உயரம்.

"மேல இருக்குறதெல்லாம் உள்ளுக்குள்ளயே இறங்கி இங்க சேருது" என்றாள் புருலாய். "கீழ களிமண். அது நனைஞ்சா மேல இருக்குற மொத்தமும் சோப்பு மேல வச்ச மாதிரி ஆயிடும்."

மாவட்டத்திலிருந்து ஆள் வரச் சாலை இல்லை, சேறாகிக் கிடந்தது. ஊர்த் தலைவர் ஜோல்தோஷ் தாடையைச் சொறிந்தார். "நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"நிச்சயமா எப்படிச் சொல்றது? குழாய் ஏறுது. அவ்வளவுதான் தெரியும்."

அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் மடிப்புக்குக் கீழே இருந்த வீடுகளின் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். யாரும் சண்டை போடவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் மூடிப்போன அந்தத் தெரு எல்லோருக்கும் நினைவிருந்தது. படுக்கை, சமோவார், குழந்தைகள், கோழி எல்லாவற்றோடும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். என் வகுப்புக் கரும்பலகைக்கு அடியில் மூன்று குடும்பங்கள் படுத்திருந்தன. ஆடுகள் வெளியே மைதானத்தில்.

அது குட்டி போடும் காலம். கூரை இல்லை. வடக்குக் காற்று இறங்கியது. பிறந்த குட்டிகளை அம்மா கோட்டுக்குள் வைத்துக்கொண்டு சுற்றினாள். ஆனாலும் விடியும்போதெல்லாம் ஒன்றிரண்டு விறைத்துக் கிடந்தன. புருலாய் அவற்றைப் பார்ப்பாள், மலைக்கு ஓடுவாள். மலை அப்படியே நின்றது.

ஒரு வாரத்துக்கு மேல் ஆனதும் சிரிப்பு தொடங்கியது. "என்னம்மா, மலை இன்னிக்கு வருதா, இல்ல சந்தைக்குப் போயிருக்கா?" என்பார்கள். மார்லென் ஓஷிலிருந்து வந்து சேர்ந்தான். மனைவியைப் பார்ப்பதா, அம்மாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் லாரியின் எஞ்சினைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஒருநாள் காலையில் ஜோல்தோஷ் கத்திக்கொண்டு வந்தார். அவருடைய உருளைக்கிழங்கு வயலில் தண்ணீர் பொங்குகிறதாம். வயல் எங்கள் மடிப்பில் இல்லை, மலையின் அடுத்த தோளுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே ஊற்று எதுவும் இருந்ததில்லை.

புருலாய் ஓடினாள். பின்னாலேயே நானும். வயலின் மேல்வரப்பில் மண் பிளந்து, கலங்கிய மஞ்சள் தண்ணீர் கை தடிமனுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் அதற்குள்ளேயே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு விருட்டென எழுந்து மடிப்பை நோக்கி ஓடி, அடிக்குழாயைப் பார்த்தாள். தண்ணீர் இறங்கியிருந்தது.

"சோனுன்" என்றாள் என்னைப் பார்த்து. "பக்கவாட்டுல போயிருக்குடி. களிமண் அந்தப் பக்கமாச் சாஞ்சிருக்கு. தோளுக்கு அடியில புகுந்து வெளிய வந்துருச்சு."

"நல்லதுதானே அண்ணி?"

"நல்லதுதான். ஆனா நான் யாரு? தண்ணி பக்கவாட்டுல போகும், போகும்னு இத்தனை வருசமா ஊரெல்லாம் கத்துனவ. கத்திட்டு, இங்க வந்து நேரா கீழ மட்டும்தான் பாத்தேன்." சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாக மாறியது. சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மதியம் பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, தன் கணக்கு தப்பு, வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

"இனிமே விழாதுல்ல?" என்று கேட்டார் ஜோல்தோஷ்.

"இந்த வருசம் விழாதுன்னு நினைக்கிறேன். அடுத்த வருசம் தெரியாது."

அம்மா எழுந்தாள். "தெரியாதுன்னு சொல்றதுக்காடி என் குட்டிங்களச் சாகடிச்ச?"

புருலாய் தன் பையைக் கட்டினாள். அன்று மாலையே மார்லெனின் லாரியில் ஏறிப் போய்விட்டாள். அதன்பின் வெகுநாள் வரவில்லை.

பிஷ்கெக்கிலும் அவள் அடங்கவில்லை என்று மார்லென் சொல்வான். "வீட்டுக்குள்ள நடக்குற நடைய வெளிய நடந்தா ஓஷுக்கே வந்து சேந்திருப்பா." அவள் ஒவ்வொரு கட்டத்தையும் முகடு, சரிவு, அடிவாரம் என்று பட்டை பட்டையாக உடைத்தாள். வெயில் பக்கம் தனி, நிழல் பக்கம் தனி. மேல்பட்டை கீழ்ப்பட்டைக்குத் தண்ணீர் தரும், கீழ்ப்பட்டையிலிருந்து பக்கத்தில் வழியவும் வழி உண்டு. கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த முதல் ஓட்டத்தில், அதற்குள் இருந்த உலகத்தின் மறுகோடியில் ஒரு பெரிய நதி கோடையில் வற்றிப்போனது. வெளிநாட்டுக் குழுவினர் மரியாதையாக, இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். இரண்டாம் ஓட்டத்தில் நதி திரும்பியது, வேறு எங்கோ சதுப்பு நிலம் காய்ந்தது. முகட்டில் மண் மெலிது, அடிவாரத்தில் ஆழம் என்பதை மறந்து எல்லாப் பட்டைக்கும் ஒரே அளவு போட்டுவிட்டேன் என்று ஒருநாள் கண்டுபிடித்து, தெருவில் நடந்துகொண்டிருந்தவள் பாதி வழியில் திரும்பி ஓடினாளாம்.

கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். அவளும், அவளைப்போல வேறு நாடுகளில் இருக்கும் சிலரும் சேர்ந்து செய்தது அது. கம்ப்யூட்டர் உலகத்தின் சராசரி வெப்பம் அதனால் ஒரு நூலிழைகூட அசையவில்லை. ஆனால் அதிலிருந்த மலைநாடுகளில் கோடை முடிவில் அடிவாரங்கள் ஈரமாகவே இருந்தன. நிழல் சரிவில் பனி மெல்ல உருகியது. அதைச் சொல்ல எனக்குப் போன் செய்தாள். பக்கத்தில் இருந்த அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஊரைவிட்டுப் போன பிறகு இருவரும் பேசியது அப்போதுதான்.

"அதெல்லாம் இருக்கட்டும். வீடு விழுமா, விழாதா? அதச் சொல்லு."

"அது இதுல தெரியாது அத்தே. ஒரு கட்டத்துக்குள்ள நம்ம மாதிரி ஆயிரம் மலை இருக்கு. எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணுதான் இதால சொல்ல முடியும்."

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு வசந்தம் வந்தா தூக்கம் வரமாட்டேங்குது. நீ வா. வேற எடம் பாத்துக் குடு."

அவள் வந்தாள். இருவரும் ஒரு முழு நாள் தோள்மேட்டில் அலைந்தார்கள். அம்மா கைகாட்டும் இடத்தில் எல்லாம் புருலாய் குழி தோண்டிப் பார்த்து, "இங்க வேணாம் அத்தே, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்" என்றாள்.

"உன் பேச்சக் கேட்டா நான் மேகத்து மேலதான் அடுப்பு வைக்கணும்" என்றாள் அம்மா. ஆனாலும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள்.

பனி விழுவதற்கு முன்பே மேட்டில் சுவர் எழும்பிவிட்டது. புதுவீடு புகுந்த அன்று மார்லென் அடுப்பு மூட்டி, பெரிய கொப்பரையில் உஸ்கென் அரிசிப் பிலாவ் ஆக்கினான். ஊரே வந்தது. புருலாய் இல்லை. முந்தின நாளே வேறொரு பள்ளத்தாக்கில் குழாய் இறக்கப் போய்விட்டாள். அவள் பங்கை ஒரு தட்டில் எடுத்து மூடிவைத்துவிட்டு, வந்தவர்களிடமெல்லாம் அம்மா மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.