எங்கள் கிராமம் அனுப்பிவைத்த மேயர்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சுவிஸில் வில் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் குடியிருந்தோம். கணவருக்கு இரும்புத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில், உடுப்புத் தோய்க்கும் பகுதியில். யாழ்ப்பாணத்தில் நான் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள். அகதி விண்ணப்பத்தில் அதை எழுதியிருந்தேன். யாரும் வாசித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒருவர் வாசித்திருந்தார். கெமைண்டே என்று நாங்கள் சொல்லும் கிராம அலுவலகத்தின் செயலாளர். எங்கள் விசா அட்டை ஒவ்வொரு வருடமும் அவருடைய மேசையைத் தாண்டித்தான் புதுப்பிக்கப்பட வேண்டும். அதனால், ஒரு நாள் மத்தியானம் அவர் என்னைத் தேடிச் சலவை அறைக்கே வந்தபோது, கையிலிருந்த படுக்கை விரிப்புகளை நான் அப்படியே கீழே போட்டுவிட்டேன்.

"பயப்படாதீர்கள். உங்களுக்குப் பழைய ஆங்கிலம் வாசிக்க வருமா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் இந்தக் கிராமத்துப் பையன் ஒருவன் அமெரிக்கா போய், அங்கே ஒரு ஆற்றங்கரை நகரத்தின் மேயராகிவிட்டான். அவருடைய கொள்ளுப்பேத்தி இப்போது ஒரு கட்டுப் பத்திரிகை நகல்களை அனுப்பியிருக்கிறார். கோடையில் நேரிலும் வருகிறார். கிராமத்துக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சந்துக்கு மேயரின் பெயரை வைத்து, சுவரில் ஒரு பலகை பதிக்கத் தீர்மானித்துவிட்டார்கள். செயலாளருக்குப் பிரெஞ்சு நன்றாக வரும், ஆங்கிலம் வராது. மேயர் என்னதான் சாதித்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

புதன்கிழமைகளில் வேலை முடிந்ததும் கெமைண்டேக்குப் போனேன். நான் வாசித்து, என்னுடைய உடைந்த ஜெர்மனில் சொல்வேன். அவர் அதை ஒட்டவைத்து எழுதிக்கொள்வார்.

முதல் புதன்கிழமை எல்லாம் நன்றாகவே போனது. பேக்கரி வைத்தார், தீயணைப்புப் படையில் சேர்ந்தார், தேர்தலில் நின்றார், வென்றார். செயலாளர் பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தார். "அவருடைய முதல் சட்டம் என்ன?"

"பன்றி" என்றேன்.

தெருவில் பன்றிகளைத் திரிய விடக் கூடாது என்பதுதான் சட்டம். ஆனால் நகரத்திலேயே அதிகப் பன்றி வைத்திருந்தவர் மேயரின் மைத்துனர். அடுத்த தேர்தலில் மைத்துனர், அவருடைய தம்பிமார், பன்றிக்காரர் எல்லாரும் எதிர்ப்பக்கம் நின்று மேயரைத் தோற்கடித்தார்கள். செயலாளர் பேனாவை மூடினார்.

வீட்டில் கணவர் வாசலிலேயே காத்திருந்தார்.

"என்ன, உம்மட மேயர் இண்டைக்கு என்ன செய்தவர்?"

"தோத்துப்போனார்."

"ஆரிட்டை?"

"பண்டியளிட்டை."

அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது.

இரண்டாவது தடவை வென்றபோது மேயர் தெருக்களுக்கு மரக்கட்டை பதித்தார். கல்லை விட மலிவு, குதிரை நடந்தாலும் சத்தம் வராது. திறப்பு விழாவில் பாண்டு வாத்தியம் எல்லாம் இருந்தது. வசந்தத்தில் ஆறு பெருகியபோது பெரிய தெரு முழுவதும் கட்டை கட்டையாக மிதந்து கீழே இருந்த நகரத்துக்குப் போய்விட்டது. அந்த நகரத்தார் அதை அடுப்பெரிக்கப் பாவித்துவிட்டு, நன்றிக் கடிதம் அனுப்பினார்களாம்.

"இதையும் எழுதத்தான் வேண்டுமா?" என்று செயலாளர் மெதுவாகக் கேட்டார்.

"மூன்றாவது தடவையும் வென்றார். குடிதண்ணீர்க் குழாய் போட்டார். அது நல்லபடியாக இருந்தது" என்று நானும் ஆறுதல் சொன்னேன். அந்த மனுசன் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டிருந்தது. தோற்ற மறுநாள் காலையிலும் நேரத்துக்குப் பேக்கரியைத் திறந்தவர் அவர்.

நகல் கட்டின் கடைசித் தாளில் மேயரின் ஒரு பேச்சு இருந்தது. தன் சொந்தக் கிராமத்துக்கு அதில் நன்றி சொல்லியிருந்தார். முதலில் மகிழ்ச்சியாக வாசிக்கத் தொடங்கினேன், பாதியில் நின்றுவிட்டேன். அவருடைய குடும்பம் கிராமத்துக்குப் பாரம் என்று சொல்லி, கெமைண்டேயே கப்பலுக்குக் காசு கட்டி அனுப்பியிருக்கிறது. திரும்பி வரமாட்டோம் என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறது.

விசா தருபவருக்கு முன்னால் இதை எப்படிச் சொல்வது? என் ஜெர்மனை நானே இன்னும் கொஞ்சம் உடைத்துப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. கீழே பழைய பதிவேடுகள் இருந்த அறைக்குப் போனார். தோல் அட்டை போட்ட புத்தகம் ஒன்றோடு வந்து என் முன்னால் விரித்தார். அந்தக் கையெழுத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. அவருடைய விரல் நின்ற இடத்தில் மேயரின் குடும்பப் பெயர் மட்டும் தெரிந்தது.

"என் இடத்தில் முன்பு இருந்தவர் எழுதியது" என்றார். காது வரைக்கும் சிவந்திருந்தார்.

விழாவில் எதைச் சொல்வது என்று கேட்டதற்குக் கிராமத் தலைவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். வேண்டாம். பன்றி வேண்டாம், கட்டை வேண்டாம், கப்பல் வேண்டவே வேண்டாம்.

விழாவுக்குக் கொள்ளுப்பேத்தி வந்தார். எழுபது வயதிருக்கும், மஞ்சள் தொப்பி, பெரிய குரல். மேடையில் அவருக்குப் பக்கத்தில் சேலையில் நான், மொழிபெயர்க்க. கணவர் முன்வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா எழுதிக்கொண்டு வந்ததை மடித்து வைத்துவிட்டு, வாய்க்கு வந்தபடி பேசத் தொடங்கினார். பன்றி வந்தது, கட்டை வந்தது. சனம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. பிறகு அந்த அம்மா சொன்னார்: "என் கொள்ளுத்தாத்தாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, திரும்பி வராதே என்று சொன்ன கிராமம் இது. எங்கள் குடும்பம் இன்றைக்கும் உங்களுக்கு நன்றி சொல்கிறது."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் கொஞ்சமாகத் தலையை அசைத்தார். சொன்னேன், ஒரு சொல்லும் விடாமல். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சுத்தமான ஜெர்மன் அதுவாகத்தான் இருக்கும்.

பின்வரிசையில் ஒரு வயதான பால்பண்ணைக்காரர் எழும்பி, "என் தாத்தாவையும் அனுப்பியிருக்கலாமே!" என்று கத்தினார். விழாக் கூடாரமே சிரித்தது. கடைசியில் தலைவரும் சிரித்தார், வேறு வழியில்லாமல்.

விருந்தில் நான் பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸை அந்த அம்மா ஐந்து சாப்பிட்டார். "இந்த ஊரில் உங்களுக்கு எத்தனை வருடம்?" என்று கேட்டார். ஆறு என்றேன். "மேயர் பதவிக்கு நிற்கலாமே" என்றார். எங்களுக்கு இங்கே வோட்டே இல்லை என்றேன். அவருக்கு அது பகிடியாகப் படவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பலகையில் பெயரும் "மேயர்" என்ற சொல்லும் மட்டும்தான் பொறித்தார்கள். சந்து மிகச் சின்னது. ஒரு கார் போனால் ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அடுத்த வருடம் நாங்கள் வில் நகரத்துக்கே வீடு மாறினோம். இப்போதும் எந்தக் கலியாணவீட்டிலும் கணவர் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து மேயரின் கதையைச் சொல்வார். போன மாதம் சொன்னபோது மேயர் ஐந்தாவது தடவையும் வென்றிருந்தார், மைத்துனரோடும் ராசியாகிவிட்டார்.

"மூண்டு தரம்தானப்பா வெண்டவர்" என்றேன்.

"நீர் பேப்பரிலை இருந்ததைத்தானே வாசிச்சனீர்" என்றார் அவர்.