ஒற்றைச் செருப்பு

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். எனக்குக் கீழே பதினொரு பெண்கள். செருப்பை வாசலுக்கு வெளியே, சுவரோரமாக வரிசையாகக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். புண்ணில் கட்டும் துணி என்பதால் இந்த விஷயத்தில் முதலாளி யாருக்கும் சலுகை காட்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் படம் பார்க்கப் போனோம். சித்தி கொடுமையில் அடுப்படியில் கிடக்கும் பெண்ணை, அவள் விட்டுப்போன ஒற்றைச் செருப்பை வைத்து இளவரசன் தேடிப் பிடிக்கும் பழைய கதைதான். அதில் இளவரசனை மில் முதலாளி மகனாகவும், அரண்மனை விருந்தை மில்லின் ஆண்டுவிழாவாகவும் ஆக்கியிருந்தார்கள். என் பக்கத்தில் செட்டியார்பட்டியிலிருந்து வேலைக்கு வரும் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. வீட்டில் சித்திதான். தேவதானத்தில் பெண்டாட்டி செத்த ஒருவருக்கு அவளைக் கட்டிவைக்கச் சித்தி துடித்துக்கொண்டிருந்தாள். இவள் சம்பளம் கொண்டுவருகிறவரை பொறுப்பதாகப் பேச்சு. வேலை போனால் தேவதானம்தான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கடைசிக் காட்சியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இப்படியெல்லாம் நடக்குமாக்கா?"

"மொதல்ல செருப்பைத் தொலைக்கணும்லட்டி" என்றேன். முன்வரிசை வரைக்கும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுடைய வலதுகால் செருப்பை எடுத்து என் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்தேன். என் கையால்தான் எடுத்தேன். எங்களில் பேண்டேஜ் ரோல் சுற்றுகிறவள், பேசிவைத்தபடி, சாயந்திரம் அவளிடம் போய், "சின்ன முதலாளி பைக் பெட்டியில பாத்தேன்ட்டி. ஒத்தச் செருப்பு. ஒன்னுது மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

"நெசமாவா? எதுக்காம்?"

"எங்கிட்ட கேட்டா? படம் பாத்தவ நீதான."

முதலாளியின் மகனைத்தான் சின்ன முதலாளி என்போம். அவர் முந்தின மாதம் ஒரு நாள் அவளிடம், "பஸ் வந்துச்சாம்மா?" என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. அவளுக்கு அது போதுமாக இருந்தது. மறுநாளிலிருந்து வெறுங்காலோடு வந்தாள். மிஞ்சிய இடதுகால் செருப்பைப் பையில் கொண்டுவந்து, வாசலில் தன் இடத்தில் ஒற்றையாக வைத்துவிட்டு உள்ளே வருவாள். பூவும் வைத்துக்கொண்டாள். பைக் சத்தம் கேட்டால் கத்தரியைக் கீழே வைத்துவிடுவாள். நாங்கள் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். சித்திரவதை என்று இப்போது சொல்லலாம். அப்போது அந்த நான்கு நாளும் பொழுது போனதே தெரியவில்லை.

சனிக்கிழமை மருந்துக்கடை வியாபாரிகள் இருவரைச் சின்ன முதலாளி உள்ளே அழைத்து வந்தார். அவள் எழுந்து வெளியே ஓடினாள். திரும்பி வரும்போது கையில் செருப்பு. வெட்டி அடுக்கிய துணிகளுக்கு நடுவே நின்று அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதோட சோடி ஒங்ககிட்ட இருக்காம்ல?"

அவர் முகம் கறுத்துவிட்டது. வியாபாரிகளில் ஒருவர், "என்னய்யா, பொம்பள செருப்பைக் காட்டுது!" என்றார். நாங்கள் குனிந்து துணியை அடுக்க ஆரம்பித்தோம். "வெளிய போ" என்றார் சின்ன முதலாளி. அவர் கத்தக்கூட இல்லை. அவளுக்கு விளங்கவே சற்று நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை காலை கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. தேவதானத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்களாம்.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா முதலாளி கேப்பாக. விவரமில்லாம செஞ்சிட்டேன்னு சொல்லுங்கக்கா."

பெரிய முதலாளி தாமாகவே என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "அந்தப் புள்ள எப்படி? அஞ்சு வருசமா இருக்கு. யாராச்சும் ஏத்திவிட்டாங்களா?"

அவள் திரும்ப வந்தால் பேச்சு வளரும். செருப்பு யார் பையில் இருந்தது என்பது ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடும். இதை யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அதுக்குப் புத்தி ஒரு மாதிரி, முதலாளி. கத்தரி பிடிக்கிற கை. வேண்டாம்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். நான் கேட்டுக்கு வந்தேன். அவள் கம்பியைப் பிடித்தபடியே நின்றிருந்தாள்.

"சொன்னீங்களாக்கா?"

"சொல்லிட்டேன். ஒத்துக்கல."

"நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்று என் கையைத் தொட்டுக் கும்பிட்டாள்.