எஸ்தரின் மாத்திரையை நான் நிறுத்தினேன்

பிள்ளைகளே, என் ஒன்பது வயது மகள் எஸ்தருக்கு வலிப்பு. மாத்திரை சாப்பிட்டதில் நாலு மாதம் இழுப்பு வரவில்லை. உடனே நான் சபையில் எழுந்து நின்று, "ஆண்டவர் பூரண சுகம் கொடுத்துட்டார்" என்று சாட்சி சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்றைக்கே மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. சுகமாயிட்டா என்று சொன்னவன் மருந்து வாங்க வரிசையில் நின்றால்? யாராவது பார்த்தால்? மாத்திரையை நிறுத்தினேன். என் மனைவி ராணி, "வேணாய்யா" என்று கெஞ்சினாள். "உனக்கு விசுவாசம் இல்ல" என்று அவள் வாயை அடைத்தேன்.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை காலை. காவாந்தண்டலம் கிராமத்தில் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம். கூட வந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த எஸ்தர் அப்படியே சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. நிற்கவே இல்லை. ஒருவர் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். "காத்து அடிச்சிக்கீது, கோயிலுக்குத் தூக்குங்க" என்றார் இன்னொருவர். நான், "பிசாசே, போ!" என்று கத்தினேன்.

நிலத்துக்காரர் மனைவி சரோஜாம்மாவுக்கு அவள் வலிப்பு பற்றித் தெரியும். அவர்தான் ஓடிவந்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்.

"யோவ், மாத்திர குட்த்தியா?"

நான் எஸ்தர் வாயிலிருந்த நுரையைத் துடைத்தேன்.

"வாயில இன்னா, கொழுக்கட்டையா? குட்த்தியா இல்லியா?"

"நிறுத்திட்டேம்மா."

"அடப்பாவி! தூக்குய்யா புள்ளய."

அவர் காரிலேயே உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எப்போதும் நீளமாக ஜெபிக்கிற எனக்கு அன்று வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, என் பேரைக் காப்பாத்த வேணாம். என் பொண்ணைக் காப்பாத்தும்." அவ்வளவுதான்.

ஊசி போட்டதும் இழுப்பு நின்றது. ஆனால் கண் திறக்கவில்லை. "முழிச்சுப் பேசட்டும், பார்க்கலாம்" என்றார் டாக்டர். என்னால் உட்கார முடியவில்லை. நடந்தேன். வந்து அவள் காலைத் தொட்டேன். சூடு இருந்தது. மறுபடி நடந்தேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும்.

"நைனா, இன்னாத்துக்கு இப்டி நடந்துக்கினே கீற? உக்காரேன்."

எஸ்தர்தான்! உட்கார்ந்து அழுதேன்.

"இது மூளை சம்பந்தப்பட்ட நோய். பேயும் இல்ல, பாவமும் இல்ல. நாங்க சொல்லாம மாத்திரைய நிறுத்தாதீங்க" என்றார் டாக்டர். சாவி கொடுத்தவரைப் பார்த்து மனசுக்குள் சிரித்தவன் நான். அவராவது பிள்ளை பிழைக்கட்டும் என்று கொடுத்தார். நான் என் பேருக்காக நிறுத்தினேன்.

மறு ஞாயிறு சபையில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்னாலிருந்து வயசான லில்லியம்மா எழுந்தார். "நானும் சுகர் மாத்திர போட்டுக்கினுதான் கீறேன், தம்பி. பைபிள் கவர்ல ஒளிச்சி வெச்சிக்கினு வரேன்." பாஸ்டரே சிரித்துவிட்டார்.

எஸ்தர் இப்போது தினமும் ஜெபித்துவிட்டு மாத்திரை போடுகிறாள். எட்டு மாதமாக வலிப்பு இல்லை. இனி வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று காரில் கேட்டதை ஆண்டவர் கொடுத்தார். நீங்களும் கேளுங்கள். பதிலை யார் கையில் அனுப்பினாலும், மாத்திரை அட்டையில் அனுப்பினாலும், வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.