எத்தனை வருஷத்துக்கான ஆயில்?

என் மனைவி பத்மஜாவுக்குக் கோபமே வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுவிடுவதால் இருக்கலாம். அவள் பார்த்த வேலையும் அப்படி. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். ட்ரங்க் கால் காலத்தில், லைன் கிடைக்கவில்லை என்று அந்தப் பக்கம் எவனாவது வாய்க்கு வந்தபடி திட்டினால், அவன் ஓயும்வரை காத்திருந்து, "இனி நம்பர் சொல்லுங்கோ" என்பாளாம். என்னைக் கல்யாணம் செய்துகொள்ள அதைவிடப் பெரிய தகுதி எதுவும் வேண்டாம்.

எனக்குச் சிறுநீரகம் கைவிட்டு மூன்று வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். நாங்கள் இருக்கும் வலியசாலையிலிருந்து ஆஸ்பத்திரி அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனால் மழை பெய்து தம்பானூரில் தண்ணீர் ஏறிவிட்டால் ஓட்டோக்காரன் ஒருத்தனும் நிற்கமாட்டான். திரும்பி வருவது அதைவிட மோசம். நாலு மணி நேரம் மெஷினோடு கிடந்துவிட்டு, நிற்கத் தெம்பில்லாமல் ரோட்டோரத்தில் காத்திருந்து, ஓட்டோ குலுக்கலில் வாந்தி எடுத்து, டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு... சே, அதெல்லாம் ஒரு பிழைப்பா! துலா மாச மழையில், அதுதான் ஐப்பசியில், ஒரு நாள் தொப்பலாக நனைந்து வந்து நாற்காலியில் விழுந்தவன் சொல்லிவிட்டேன்:

"போறும்டி. சித்திரை விஷு வரைக்கும் போறேன். அதுக்கப்புறம் டயாலிசிஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என்னைக் கூப்பிடாதே, கேட்டியோ?"

நிறுத்தினால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். பத்மஜா என் தலையைத் துவட்டினாள். கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அழுவாள், கெஞ்சுவாள், பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். அவளோ மறுநாள் காலையில் போய் டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஐம்பத்தெட்டு வயதில்! சைக்கிள்கூட ஓட்டாதவள். லைசென்ஸ் டெஸ்டில் கம்பிகளை நட்டு, அதற்கு நடுவே 'எச்' எழுத்து மாதிரி காரை முன்னும் பின்னும் எடுக்கச் சொல்வார்கள். முதல் தடவை கம்பியை இடித்தாள். இரண்டாவது தடவை கம்பியே விழுந்தது. பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்களாம். எனக்குக் கேட்டதுமே ரத்தம் கொதித்தது. அவளோ, "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறா, நமக்கென்ன" என்று சொல்லிவிட்டு வாசல் கோலத்துக்குப் பக்கத்தில் நாலு செங்கல்லை வைத்து, ஸ்டியரிங்குக்குப் பதில் ஒரு தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினாள். அக்ரஹாரமே வேடிக்கை பார்த்தது. மூன்றாவது தடவை பாஸ்.

மாசி கடைசியில் கார் வந்தது. பத்து வருஷத்துப் பழசு, வெள்ளை, சின்ன வண்டி. கரமனையில் துபாய்க்குத் திரும்பிப் போகிற ஒருத்தர் கொடுத்தார். "ஆயில் இப்பத்தான் மாத்தினது, ஒண்ணும் நோக்கண்டா, பாக்கவே வேண்டாம்" என்று சாவியைக் கையில் வைத்தார்.

எதிர் வீட்டு வெங்கடகிருஷ்ணன் உடனே ஆஜர். "முதல்ல பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுட்டு வந்துடுங்கோ. அப்புறம் ஆயில் ஊத்தறதானா நல்ல கெட்டி ஆயிலா ஊத்துங்கோ. பழைய எஞ்சினுக்கு கெட்டிதான் பிடிக்கும்" என்றார். அவர் கடைசியாகக் கார் வைத்திருந்தது எந்தக் காலத்திலோ. பத்மஜா அவர் முடிக்கும்வரை கேட்டாள்.

"பிள்ளையார் ரெண்டு நாள் பொறுத்துப்பார் மாமா. வண்டி பொறுக்குமோ என்னவோ. முதல்ல ஆயில்" என்றாள்.

அன்று ராத்திரி காரோடு வந்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கிள்ளிப்பாலத்தில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் வன்னியராஜிடம் போனோம். நானும் ஒட்டிக்கொண்டேன். அவள் ஓட்டுவதைக் குறை சொல்ல ஆள் வேண்டாமா? வன்னியராஜுக்குச் சொந்த ஊர் பணகுடிப் பக்கம். இங்கே வந்து வருஷம் பல ஆகிவிட்டதால் பேச்சில் பாதி மலையாளம்.

அவன் பானட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவித் துணியில் துடைத்தான். துணியில் தார் மாதிரி ஒட்டிக்கொண்டது.

"இப்பத்தான் மாத்தினதுன்னு சொன்னாரா? எந்த இப்போ மாமி?" என்று கேட்டான்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலி பலாக்கொட்டை சேர்த்து வைத்திருந்தது. ஏ.சி. ஃபில்டர் இன்னும் கண்றாவி, காய்ந்த இலையும் பஞ்சுமாக. இந்தக் காற்றையா என்னைச் சுவாசிக்க வைக்கப் பார்த்தார் அந்த துபாய்க்காரர்? எனக்கு வந்த கோபத்தில் போனை எடுத்தேன். பத்மஜா அதை என் கையிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஆயில் கெட்டியா இருக்கணுமா, மெலிசா இருக்கணுமா?" என்று அவனைக் கேட்டாள்.

"புக்குல போட்டிருக்கிற நம்பர்தான் மாமி. கெட்டியா ஊத்தினா காலம்பற ஸ்டார்ட் பண்ணும்போ ஆயில் மேல ஏற நேரமெடுக்கும். எஞ்சின் ஆயில் குடிக்குதுன்னு தெரிஞ்சா அப்போ யோசிக்கலாம்."

பேச்சு நீண்டுகொண்டே போனது. எனக்கு நிற்க முடியவில்லை. "ஆயிலை மட்டும் மாத்திடுப்பா. ஃபில்டர் எல்லாம் அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன்.

பத்மஜா திரும்பினாள். "ஏன்னா, செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரியில, இன்னிக்கு அழுக்கு ஃபில்டர்லயே ரத்தத்தை விட்டுத் தரோம், புதுசு அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சொன்னா நீங்க சும்மா இருப்பேளா?"

வன்னியராஜ் சிரித்துவிட்டான். நான் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். ஆயில், ஏர், ஏ.சி. என்று மூன்று ஃபில்டரும் புதிதாக வந்தன. ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, அட்டையிலிருந்த நம்பரைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். கறுப்புத் திரவம் பாத்திரத்தில் வடிந்து முடியும்வரை பக்கத்திலேயே குனிந்து நின்றாள். புடவைத் தலைப்பில் கரி. அவள் அழகாக இருந்தாள் என்று எழுதினால் இந்த வயதில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வன்னியராஜ் இரண்டு கேன்களைக் கொண்டுவந்து வைத்தான். "மாமி, ஒண்ணு கேக்கட்டா? ரெண்டுமே உங்க நம்பர்தான். இது சாதா. வண்டிய சீக்கிரம் குடுத்திருவீங்கன்னா இதே போதும். இன்னொண்ணு சிந்தட்டிக், விலை கூடும். ஆனா நாள்பட வச்சு ஓட்டணும்னா இதுதான் எஞ்சினக் காப்பாத்தும். எத்தன கொல்லம் ஓட்டப் போறீங்க?"

எதற்கும் சட்டென்று பதில் சொல்கிறவள் புத்தகத்தை மூடினாள். பிறகு என் பக்கம் வந்தாள்.

"நீங்க சொல்லுங்கோ. எத்தனை வருஷம்?"

"என்னை எதுக்குக் கேக்கறே? வண்டி உன்னோடது, ஓட்டறது நீ" என்று சீறினேன்.

"நான் எனக்காகவா ஓட்டக் கத்துண்டேன்? எனக்குக் கோவிலும் கடையும் நடக்கிற தூரம். விஷுவோட நீங்க நிறுத்தறதா இருந்தா சாதா ஆயிலே போறும். அதுக்கப்புறம் இந்த வண்டி எனக்கு எதுக்கு? வித்துடலாம்."

குரலை உயர்த்தவில்லை.  விஷுவுக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருந்தது. துலா மாசத்தில் நான் கத்திய கத்தலை அன்றிலிருந்து இவள் ஒரு நாள்கூட மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.  

"அந்த நல்ல ஆயிலையே ஊத்தச் சொல்லு" என்றேன்.

"எத்தனை வருஷம்னு அவர் கேட்டார்."

"பத்துன்னு சொல்லேன்டி! பத்து வருஷம்! போறுமா?"

பத்மஜா புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என் நோய் தெரிந்த அன்றைக்குக்கூட அவள் என் எதிரில் அழுததில்லை. வன்னியராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஐயோ மாமி, விலை கூடுதல்னு அழுது கரையாதீங்க, நான் கொறச்சுத் தாரேன்" என்று பதறினான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் தடவையாக ஆஸ்பத்திரிக்குக் காரில் போனேன். பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்து உயிரை எடுத்தான். அவள் அசையாமல் தன் வேகத்தில் ஓட்டினாள். திரும்பி வரும்போது ஸீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டேன். குமட்டவே இல்லை. விஷு வந்தது, விடியலில் கணி கண்டோம், அவளுக்குக் கைநீட்டக் காசு கொடுத்தேன். அடுத்த டயாலிசிஸுக்கும் போனேன்.

போன வாரம் மறுபடி ஆயில் மாற்ற நாள் வந்தது. வன்னியராஜ் பானட்டைத் திறந்துவிட்டு பத்மஜாவைப் பார்த்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"போன வருஷம் ஊத்தின அதே ஆயிலை ஊத்துப்பா. ஃபில்டரையும் விட்டுடாதே."