கழுவாத கை

பிள்ளையார்பாளையத்தில் மஹாலட்சுமியின் வீட்டுக்குக் காலை ஆறு மணிக்கே பிள்ளைகள் வந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ் ஆறரைக்குத் தெருமுனைக்கு வரும். அதற்குள் ஆறு பெண்கள் தங்கள் குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டு ஓடுவார்கள். முன்னறையில் கணவர் முத்துக்குமாரின் தறி. பின்னால் இருந்த கூடத்தில் பிள்ளைகள். தறிப்பக்கம் எதுவும் தவழ்ந்து போய்விடாமல் இருக்க அவரே நடுவில் ஒரு மரத்தட்டி அடித்துக் கொடுத்திருந்தார்.

ஒன்பது வருடமாக இந்த வேலை. சுத்தக்காரி என்று பெயர் எடுத்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தட்டு, தனி டம்ளர், பெயர் தைத்த துண்டு. காலையில் வடித்த சோற்றை மதியத்துக்கு மேல் வைக்கமாட்டாள். லட்சுமிக்கா வீட்டில் விட்டால் கவலையே இல்லை என்று சொல்லித்தான் ஒருத்தி இன்னொருத்தியைக் கூட்டிவந்தாள்.

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போதே அவளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லப் போனைக் கையில் எடுத்தாள். அப்போது பிரியதர்ஷினியின் நினைவு வந்தது. இன்னொரு நாள் லீவு போட்டால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டதாக முந்தின வாரம்தான் அந்தப் பெண் அழுதிருந்தாள். மஹாலட்சுமி போனைக் கீழே வைத்தாள். உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடித்துவிட்டு உலை வைத்தாள்.

பதினொன்றரை மணிக்கு அவள் கொல்லைக் கழிவறையில் இருந்தபோது உள்ளே ஒரு பிள்ளை விழுந்து அலறியது. பதறி வெளியே வந்தவள் சோப்பைத் தொடாமல், தொட்டித் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு ஓடினாள். விழுந்தது பிரியதர்ஷினியின் மகள் காமு. இரண்டு வயது. நெற்றி புடைத்திருந்தது. தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். அழுகை அடங்குவதற்குள் மற்றவை பசியில் சிணுங்கத் தொடங்கின. அப்படியே உட்கார்ந்து தயிர்சோறு பிசைந்து ஆறு பேருக்கும் ஊட்டினாள்.

மறுநாள் நாலு பிள்ளைகளுக்குப் பேதி. காமுவுக்குக் கண் குழிந்து நாக்கு உலர்ந்துபோனது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். மஹாலட்சுமியும் துணைக்குப் போய் நின்றாள். மற்ற மூன்றும் வீட்டிலேயே தேறின.

சுகாதார நர்ஸ் ஒருவர் வீட்டுக்கு வந்து அடுப்படி, பாத்திரம், தண்ணீர் எல்லாம் பார்த்தார். கிளம்பும்போது, அந்த வாரத்தில் உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று கேட்டார்.

“இல்லீங்களே” என்றாள் மஹாலட்சுமி.

முன்னறையில் தறிச்சத்தம் சட்டென்று நின்றது. சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டது.

நர்ஸ் கேன் தண்ணீரில் மாதிரி எடுத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்த தாய்மார்கள் தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் செய்தி தெரு தெருவாகப் போனது. தண்ணீர் கேன் போடும் பரசுராமனிடம் வாங்குவதை ஒவ்வொரு வீடாக நிறுத்தியது. ஒரு வாரம் கழித்து அவர் மஹாலட்சுமியிடம் வந்தார்.

“உன் வூட்டுக்கு எறக்கின அதே தண்ணியதான் என் பொண்ணும் குடிக்கிது. நீயாவது நாலு பேருக்குச் சொல்லும்மா” என்றார்.

ரிசல்ட் வரட்டும் என்று அவள் உள்ளே போய்விட்டாள். அன்று முழுவதும் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

ரிசல்ட் வந்தது. தண்ணீரில் குறை இல்லை என்று நர்ஸ் அவளுக்குத்தான் போன் செய்து சொன்னார். அதன் பிறகு யாரும் எதையும் தேடவில்லை. வெயில் சூடு என்று சுகாதாரத் துறையில் விட்டுவிட்டார்கள். தண்ணீர்தான் என்ற தெருப்பேச்சு அப்படியே நின்றது. அவள் வாயைத் திறக்காவிட்டால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை காமுவைக் கூட்டிக்கொண்டு பிரியதர்ஷினி வந்தாள். ஊசி குத்திய புறங்கை இன்னும் நீலமாக இருந்தது. குழந்தை இரண்டு கையையும் நீட்டித் தாவி வந்து மஹாலட்சுமியின் கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டது. மஹாலட்சுமி அந்தப் புறங்கையைத் தடவினாள். குழந்தையைத் தாயிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“தண்ணி இல்ல பிரியா. நான்தான். அன்னிக்கு எனக்கு வயித்தால போய்க்கினு இருந்துது. சோப்பு போடாத கையால ஊட்டிட்டேன்.”

பிரியதர்ஷினிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் இறங்கிப்போனது.

“டாக்டரு கேட்டுக்கினே இருந்தாரு, வூட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு. நான் தண்ணி தண்ணின்னே சொல்லிக்கினு இருந்தேன். பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தக்கா.”

பிரியதர்ஷினி குழந்தையோடு திரும்பிப் போனாள். அன்றும் அவள் பஸ் ஏறவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிக் கெஞ்சித்தான் வேலையைக் காப்பாற்றிக்கொண்டாள்.

அன்று மாலை மஹாலட்சுமி மற்றத் தாய்மார்களிடமும் சொன்னாள். இரண்டு பேர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். பரசுராமன் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவர் கழுவிக்கொண்டிருந்த கேனைக் கீழே வைத்தார். பிறகு, “என்னாண்ட சொல்லி இன்னா பிரயோசனம்? என்னை நிறுத்தினவங்களாண்ட போய்ச் சொல்லு” என்றார். மூன்று நாள் வெயிலில் தெரு தெருவாக நடந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று அதையே சொன்னாள். சிலர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். சிலர் பாதியிலேயே கதவைச் சாத்தினார்கள். பரசுராமனுக்குப் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்தன. மீதி கிடைக்கவே இல்லை.

இனி உடம்பு சரியில்லாத நாளில் கதவு திறப்பதில்லை என்று மிஞ்சிய மூன்று தாய்மார்களிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை பிரியதர்ஷினி காமுவோடு வாசலில் வந்து நின்றாள். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் வழுக்கி விழுந்துவிட்டாராம். ஒரே ஒரு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

மஹாலட்சுமிக்கு அன்று விடியலிலிருந்தே ஜுரம். மற்ற மூவருக்கும் அப்போதே போன் செய்திருந்தாள். இந்தப் பெண் படியேறி வருவாள் என்று அவள் ஐந்து மாதமாக எதிர்பார்த்திருந்தாள்.

“எனக்கு ஜுரம் அடிக்குது பிரியா. இன்னிக்கு வேணாம்” என்று கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள்.

பிரியதர்ஷினி அங்கேயே நின்று சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் கத்துவது கதவு வரைக்கும் கேட்டது. மஹாலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். போனை வைத்துவிட்டுக் குழந்தையின் தலையில் முந்தானையைப் போர்த்தினாள் பிரியதர்ஷினி.

“மாத்திரை போட்டுக்கோக்கா. ஜுரம் வுட்டதும் சொல்லு, கூட்டியாறேன்” என்று மழையில் இறங்கினாள்.