துரையின் புல்

"சனிக்கிழம நீ என்னோட கோல்ஃப் விளையாட வரணும்" என்று துரை சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்கடுவைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நான் வேலையாட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாம் மாத முடிவில் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர்தான். அவர் எதிரே வந்தால் மழையிலும் குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறவன் நான். அவரோடு விளையாடுவதா?

வெள்ளைக்காரத் துரைமார் போய்ச் சிங்களத் துரைமார் வரத் தொடங்கியிருந்த அறுபதுகள் அவை. போனவர்கள் பங்களாவுக்குப் பின்னால் மூன்று குழிகளோடு ஒரு கோல்ஃப் மைதானத்தை விட்டுப் போயிருந்தார்கள். புதுத் துரை அதை ஆசையோடு சீர்ப்படுத்தி வைத்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துத் துரை தன் உத்தியோகத்தர் ஒருவரோடு ஆட வருகிறாராம். இவருக்கும் ஒரு ஜோடி வேண்டும். மாத்தளையில் படித்த காலத்தில் நான் கிரிக்கெட் ஆடியதை யாரோ சொல்லித் தொலைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை பின்னேரம் பாடம் தொடங்கியது. துரை மட்டையை என் கையில் கொடுத்து, "பந்தையே பாரு, அவசரப்படாத" என்றார். பார்த்தேன், வீசினேன். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. அடுத்த வீச்சில் ஒரு சாண் அகலப் புல் மண்ணோடு பெயர்ந்து துரையின் சப்பாத்தில் போய் விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. தேயிலைக் கொப்பு ஒன்றை முறித்த பெண்ணுக்குக் காது கூசும்படி ஏச்சு விழுகிற தோட்டம் அது. துரையோ குனிந்து, அந்தப் புல்லை எடுத்துப் பள்ளத்தில் பொருத்தி, மெல்ல மிதித்துவிட்டு, "பரவாயில்ல, எல்லாரும் இப்பிடித்தான் தொடங்குறது" என்றார். அவர் எதற்காகவும் குனிந்து நான் பார்த்ததில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மட்டைதான் கோணலோ என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். புதன்கிழமைக்குள் பந்து ஒருவாறு எழும்பத் தொடங்கியது. ஆனால் குழிக்குப் பக்கத்தில் வந்ததும் என் வித்தை தீர்ந்துபோகும். மெல்லத் தள்ளினால் பாதியில் நிற்கும். பலமாகத் தள்ளினால் குழியைத் தாண்டி ஓடும். குழியைச் சுற்றியிருந்த புல்தான் தடை என்று நானாகவே முடிவு கட்டினேன்.

வியாழனன்று துரை கொழும்புக்குப் புறப்பட்டார். "சனி காலையில வந்துருவேன். எடத்த ஆட்டத்துக்கு ரெடி பண்ணி வை" என்றார்.

எங்களுக்குப் புல் என்றால் பகை. தேயிலைக்கு இடையில் நாலு புல் தெரிந்தால் புல் வெட்டிய பெண்ணுக்கு அன்று அரைச் சம்பளம். மெனக்கெட்டு உரம் போட்டுப் புல் வளர்க்கிற மனிதர் உலகத்தில் உண்டு என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வெள்ளி காலை ஆறு பெண்களைச் சுரண்டியோடு மைதானத்துக்கு அழைத்துப்போனேன். அதில் ஒருத்தி என் சொந்த அக்கா.

அம்மா இறந்த பிறகு, பதினாலு வயதிலிருந்து கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவள். தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த முதல் ஆள் நான். வேலை நேரத்தில் அவளும் மற்றவர்களைப் போல என்னை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவாள். முதல் நாள் அதைக் கேட்டு எனக்குக் கூசியது. பிறகு பழகிப்போயிற்று.

அக்கா குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தாள். "ஐயா, இது தானா மொளச்ச புல்லு மாதிரி தெரியலீங்க. பாய் விரிச்ச மாதிரி இருக்கு. தொரைகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு செய்வோமே."

"சொன்னதச் செய்யுங்க" என்று எல்லார் முன்னாலும் அதட்டினேன்.

பின்னேரம் மூன்று குழிகளைச் சுற்றியும் ஒரு புல் இல்லை. செம்மண் கூட்டிப் பெருக்கிய வாசல் போல இருந்தது. பந்தைத் தள்ளினேன், நேரே ஓடிக் குழியில் விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை துரை வந்து பார்த்தார். மூன்று குழிகளையும் சுற்றி நடந்தார். பிறகு, "ரெண்டு வருஷமா வளத்த புல்லு" என்றார். குரல் உடைந்திருந்தது. ஆறு பெண்களையும் கூப்பிட்டு வரச் சொன்னார். "யாரு வெட்டச் சொன்னது?" என்று கத்தினார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தது நன்றாக நினைவிருக்கிறது. சொல் வரவில்லை.

அக்கா ஓரடி முன்னால் வந்தாள். "யாரும் சொல்லலீங்க தொரை. ஐயா ஓரத்துப் புல்லத்தான் வெட்டச் சொன்னாரு. நாங்கதான் வெளங்காம எல்லாத்தையும் வெட்டிப்புட்டோம்."

மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "ஆறு பேருக்கும் ஏழு நாளைக்கு வேல இல்ல" என்றார் துரை. அப்போதும் நான் வாயைத் திறந்தபடிதான் நின்றேன். இப்படிப்பட்டவனா நான் என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

பத்து மணிக்குப் பக்கத்துத் துரையின் ஜீப் வந்தது. ஆட்டம் நடந்தது. "மண்ணுல பந்து நல்லாத்தானே ஓடுது!" என்று விருந்தாளித் துரை வியந்தார். கடைசிக் குழியில் பத்தடி தள்ளியிருந்து நான் தட்டிய பந்து உள்ளே விழ, நாங்கள் வென்றோம். துரை என் தோளில் தட்டிச் சிரித்தார். அந்த ஆறு பேருக்காகப் பேச அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. பங்களாவிலிருந்து தேத்தண்ணி வந்தது. குடித்தேன்.

பொழுது சாய லயத்துக்குப் போனேன். அந்த ஐந்து பெண்களின் வாசல்களைத் தாண்டித்தான் அக்காவின் ஒற்றையறைக் காம்பராவுக்குப் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அக்கா விறகு ஒடித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஆடினியா? பந்து குழியில விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"தொரைக்குச் சந்தோசமா?"

தலையாட்டினேன்.

"அப்ப ஒன் வேல நெலச்சிரும்" என்றாள். முகத்தில் கோபம் துளியும் இல்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. "அவளுக அஞ்சு பேருக்கும் நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறந்து கெடுத்துக்காத."

அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. அந்தத் துரை இன்னும் நாலு வருடம் இருந்தார். சனிக்கிழமைதோறும் அவரோடு ஆடினேன், நன்றாகவே ஆடினேன். ஒரு சனிக்கிழமைகூட அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.