அண்ணன் மறுக்காத அழைப்பு

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கூடப் பிறந்தவள் என்ற முறையில் நான்தான் எழுத வேண்டும் என்றார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது, எந்தப் படம் எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று இரண்டு மாதமாக என் உயிரை வாங்கிவிட்டார்கள். அண்ணனின் படம் இருந்தால் அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேன். வந்து குவிந்தன. எல்லாப் படத்திலும் அனுப்பியவரே நடுவில் நிற்கிறார். அண்ணன் ஓரத்தில் பாதித் தோளோடு சிரிக்கிறார். அவர் மட்டும் இருக்கும் படம் கடைசியில் பழைய பாஸ்போர்ட்டில்தான் கிடைத்தது.

இந்த மலரைத் தொகுக்கும் சித்தப்பா மகன் அட்டைக்கு ஒரு வரி எழுதிக் கொண்டுவந்தான். "அம்மன் காப்புக்காக இந்திய அணியின் அழைப்பையே மறுத்த பக்தர்" என்பது அந்த வரி. ஊரில் எல்லோரும் முப்பது வருடமாகச் சொல்லி வருவதும் அதுதான். அவன்மேல் தவறில்லை. ஆனால் அது உண்மை இல்லை. அண்ணன் எந்த அழைப்பையும் மறுக்கவில்லை. அந்த வரியை எடுக்கச் சொன்னேன். காரணம் கேட்டான். எழுதித் தருகிறேன் என்றேன்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் பஸ்ஸில் ஏறி, கிளைச்சாலை பிரியும் விலக்கில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. ஆடு வளர்க்கும் குடும்பம். அப்பா வயல் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட வெளியூர் போனால் திரும்ப மாதக்கணக்காகும். பள்ளி விட்டதும் அண்ணன் வீட்டு ஆடுகளோடு காட்டுக்குப் போவார். கோடையில் கரிசல் மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அதில்தான் கிரிக்கெட் பந்து வீசிப் பழகினார். வெடிப்பின் விளிம்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். மட்டை பிடிக்க ஆள் கிடைக்காது என்பதால் என்னை நிறுத்துவார். என் முழங்காலில் உள்ள தழும்புக்குக் கடைசிவரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவன் ஹாக்கி மட்டையைத்தான் தொட வேண்டும் என்பது எழுதாத சட்டம். பள்ளியில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் எங்கே போனாலும் அண்ணனை நிறுத்தி வைத்துப் புத்தி சொல்லுவார்கள். "ஏலே, ஹாக்கி ஆடுனா ரயில்வேயிலயாவது ஒரு வேலை கிடைக்கும். இது என்னத்துக்குலே ஆகும்?" என்பார்கள். அண்ணன் இந்திய அணிக்கு ஆடித் திரும்பி வந்த பிறகும், ஒரு விருந்தில் தூரத்து மாமா ஒருவர் இலையில் சாம்பாரை வாங்கிக்கொண்டே, "இப்பமும் ஒண்ணும் கெட்டுப் போகல மாப்ளே, ஹாக்கிக்கு வந்துரு" என்றார். அண்ணன், "பாக்கேன் மாமா" என்றார். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். அந்தக் குணத்தை எல்லோரும் புகழ்கிறீர்கள். கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தலைவலி என்று தெரியும்.

வீட்டில் அவருக்குத் துணையாக நின்றவர் ஒருவர்தான். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா. ஊர் எல்லைக்குள்ளேயே இருந்த தீப்பெட்டி ஆலையில் (ஊரில் அதை ஆபீஸ் என்போம்) மேஸ்திரியாக இருந்தார். அம்மன் கோவிலில் காப்பு கட்டிவிடும் உரிமையும் அவருக்கு உண்டு. அண்ணனுக்கு முதன்முதலாக ஆணி வைத்த ஷூவை மதுரைக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தவர் அவர். முதன்முதலாகப் பத்திரிகையில் பெயர் வந்தபோது அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, அது மடிப்பு மடிப்பாகக் கிழியும்வரை எல்லோரிடமும் காட்டியவரும் அவர்தான். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் கல்லூரிக்காக ஆடினார். அங்கிருந்து சென்னை லீக், பிறகு மாநில அணி. அணியில் மற்றவர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது அண்ணன் தலையை மட்டும் ஆட்டுவாராம். பந்து வீசும்போது அந்தக் கூச்சமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. ஒரு வெளிநாட்டுத் தொடரில் இந்திய அணிக்காக மூன்று டெஸ்ட் ஆடினார். கடைசி ஆட்டத்தின் ஐந்தாம் நாள் ஆடுகளம் காய்ந்து வெடித்துவிட்டது. மற்ற பந்து வீச்சாளர்கள் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் கையைப் பிசைந்து நிற்க, அண்ணன் ஆட்டுக்காட்டில் வீசியதையே அங்கேயும் வீசினார். மதியத்துக்குள் ஆட்டம் முடிந்தது. எங்கள் வீட்டு வானொலியைச் சுற்றித் தெருவே கூடி நின்றது. அம்மா அழுதார். அப்பா, "ஆட்டை யாரு பாத்துக்கிடுதா?" என்று கேட்டார்.

அடுத்த ஆண்டு எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழா. முதல் அக்கினிச்சட்டி எடுப்பது எங்கள் குடும்பத்து மூத்த பிள்ளையின் உரிமை. எடுப்பவருக்குக் கையில் மஞ்சள் காப்பு கட்டுவார்கள். கட்டிவிட்டால் எட்டு நாள் கோவிலிலேயே தங்க வேண்டும், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அடுத்த வெளிநாட்டுத் தொடருக்கு அணி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அண்ணன் அதில் இல்லை. தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்று சென்னையில் கிரிக்கெட் சங்கத்தார் சொல்லியிருந்தார்கள். கைபேசி இல்லாத காலம். தீப்பெட்டி ஆபீஸ் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்து, பெரியப்பா கையால் காப்பு கட்டிக்கொண்டார்.

கொடை நல்லபடியாக முடிந்தது. ஒன்பதாம் நாள் காலையில் காப்பை அவிழ்த்துவிட்டு டீக்கடைக்குப் போனவர், பத்திரிகையும் கையுமாக வீட்டுக்கு வந்தார். ஒரு பந்து வீச்சாளருக்குக் காலில் அடி, அவருக்குப் பதிலாக இன்னொருவர் விமானம் ஏறிவிட்டார் என்று போட்டிருந்தது. அண்ணன் சைக்கிளை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். நேராகத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனோம். பெரியப்பா அப்போது கோவிலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் கணக்கர் எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார்.

"என்ன தம்பி, மெட்ராஸ்ல இருந்து ரெண்டு தரம் போன் வந்துச்சே! ஒடனே கிளம்பணும்னாங்க. உங்க பெரியப்பாதான் பேசுனாவ. காப்பு கட்டியிருக்கு, அவன் வரமாட்டான்னு சொல்லி வச்சிட்டாவ. நீங்க சொல்லித்தான் அவிய சொல்லுதாவன்னு நெனச்சேன்."

அண்ணன், "ஆமா அண்ணாச்சி, நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றார். 

வெளியே வந்ததும் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். பிறகு, "ஏட்டி, இதை யார்ட்டயும் சொல்லாத. பெரியப்பாவை ஊரே ஏசும். அவிய தாங்கமாட்டாவ" என்றார். "நீ தாங்குவியா?" என்று கேட்டேன். "ஏறு, போவோம்" என்றார்.

கோவிலில் ஆண்கள் எல்லோரும் பந்தல் வேலையில் இருந்தார்கள். பத்திரிகையைப் பார்த்த ஒருவர் அண்ணனிடம் விசாரித்தார். அண்ணன் எல்லோர் காதிலும் விழும்படி, "என்னையத்தான் கூப்பிட்டாங்க. காப்பு கட்டியிருக்கும்போது எப்படிப் போக? வரலன்னு சொல்லிட்டேன்" என்றார். கூட்டம் அவரைக் கொண்டாடியது. பெரியப்பா கையில் இருந்த கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார், தலையைத் தூக்கவில்லை.

காப்போடு எல்லை தாண்டினால் அம்மன் பொறுக்க மாட்டாள் என்று பெரியப்பா உண்மையாகவே நம்பினார். அது எனக்குப் புரிகிறது. அண்ணனிடம் கேட்டிருந்தால் அவரே போகாமல் இருந்திருக்கலாம், போயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. கோவில் அங்கே, ஆபீஸ் இங்கே. நடந்து வந்து ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அண்ணனின் வாழ்க்கை, அண்ணன் அல்லவா பதில் சொல்லியிருக்க வேண்டும்?

நாட்டுக்காக ஆட அழைத்தால் வர மறுக்கிறவர் என்று சென்னையில் பெயர் ஆகிவிட்டது. பிறகு யாரும் அழைக்கவில்லை. நான் விடாமல் நச்சரித்தேன். "அண்ணே, ஒரு கடுதாசி போடு. நடந்ததைச் சொல்லு" என்பேன். "போட்டா காரணம் சொல்லணும்லா" என்பார்.  சில வருடம் மாநில அணிக்கு ஆடினார். முழங்கால் தேய்ந்ததும் நிறுத்திக்கொண்டார். வங்கி வேலை, கல்யாணம், இரண்டு பெண்கள் என்று வாழ்க்கை ஓடியது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு கிரைண்டர் கடையைத் திறந்து வைக்கவும், காதுகுத்துக்குத் தலைமை தாங்கவும் ஆளாளுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனீர்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். ஒவ்வொரு கொடைக்கும் பெரியப்பா முன்னால் போய்க் கையை நீட்டினார். பெரியப்பாவும் காப்பு கட்டினார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் வயிறு எரிந்தது.

சென்ற வருடம் அண்ணனுக்கு இதயக் கோளாறு. மதுரையில் சேர்த்தோம். தொண்ணூறை நெருங்கும் பெரியப்பா இரண்டு பஸ் மாறி வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அண்ணன், "சாப்பிட்டீயளா பெரியப்பா?" என்று கேட்டார். எனக்கு இருந்த கோபத்தில் வராந்தாவுக்குப் போய்விட்டேன். நான்கு நாள் கழித்து அண்ணன் போய்விட்டார்.

அவரிடம் கொடுத்த வாக்கை அவர் உயிரோடு இருக்கும்வரை காப்பாற்றினேன். இனி முடியாது. ஆட அழைத்தும் போகாதவர் என்று அவருடைய பெண்களும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையிலும் அந்த அட்டையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பெரியப்பாவுக்குத் தெரியாமல் அச்சடிப்பது முறையல்ல. போன மாதம் அவர் வீட்டுக்குப் போய், "உள்ளதை எழுதப் போறேன் பெரியப்பா" என்றேன். காது மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"எழுது" என்றார். பிறகு, "முப்பது வருசமா அவன் என்னைய ஏசுவான்னு இருந்தேன். ஒரு தடவ ஏசியிருந்தா, ஆமாலே, தப்புதாம்லேன்னு சொல்லியிருப்பேன். அவன் வாயைத் தொறக்கவே இல்ல. நீயாவது ஏசு ஏட்டி. புஸ்தகத்துலயே ஏசு" என்றார்.

ஏசியிருக்கிறேன். நாற்பது நாள் எங்களைத் தனியே விடாத தெருக்காரர்களுக்கும், சுமந்து வந்த தோள்களுக்கும், மருத்துவமனையில் மாற்றி மாற்றித் துணை இருந்த அண்ணனின் வங்கி நண்பர்களுக்கும், இத்தனைக்கும் நடுவில் திடமாக நின்ற அண்ணிக்கும், முணுமுணுத்தபடியே அட்டையை மாற்றித் தந்த சித்தப்பா மகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைப் பெரியப்பாவுக்கு முழுவதும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஏசியிருக்கலாம் ஏட்டி" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் இதற்கு மேல் ஏசினால் அண்ணனுக்குப் பிடிக்காது.